தாங்கி நிரம்பினால் ஊதும் சுற்று: பிரெட்போர்டில் செய்து பார்த்த கதை

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரைமேல் இருப்பது 1000 லீட்டர் தாங்கி. கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு யாராவது டிவி முன்னால் உட்கார்ந்தால் அவ்வளவுதான், தண்ணீர் வழிந்து பின்சுவர் முழுக்க நனைந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அங்கால் நின்று "தம்பி, டேங்க் வழியுது!" என்று கூப்பிட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். கடையில் மிதவைச் சுவிச் கிடைக்கும், அதுவும் நல்ல சாமான்தான். ஆனால் தங்கச்சியின் மகன் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறான். பௌதிகவியலில் ட்ரான்சிஸ்டர் கணக்கெல்லாம் மளமளவென்று செய்வான். ஒரு ட்ரான்சிஸ்டரைக் கையில் பிடித்ததில்லை. அவனை வைத்துக்கொண்டு தாங்கி நிரம்பும்போது ஊதுகிற ஒரு சுற்றைச் செய்யலாம் என்று ஆரம்பித்ததுதான் இது.

சாமான் அதிகமில்லை. ஒரு பிரெட்போர்ட் (ஈயம் பற்றவைக்காமல் துளைகளில் செருகியே சுற்றைச் செய்து பார்க்கிற பலகை), இரண்டு பி.சி. 547 ட்ரான்சிஸ்டர், என்.ஈ. 555 என்கிற டைமர் ஐ.சி. ஒன்று, 5 வோல்ட் பஸ்ஸர் ஒன்று, சில ரெசிஸ்டர், கப்பாசிட்டர், எல்.ஈ.டி. இதில் பாதி என் லாச்சியிலேயே கிடந்தது. மீதியைக் கொழும்பு புறக்கோட்டையில் வாங்கி பஸ்ஸில் அனுப்பச் சொன்னேன். மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். விலை கூடிய மீட்டர் தேவையில்லை, ஆனால் இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று தொடர்ச்சி பார்க்கும்போது கீச்சென்று சத்தம் போடுகிற வகையாக இருக்க வேண்டும்.

முதலில் வெறும் போர்டை அளந்து பார்த்தோம். இதைப் பலர் செய்வதில்லை. நாங்கள் எடுத்தது 830 துளை உள்ள பெரிய போர்ட். நடுவில் நீளமாக ஒரு பள்ளம், அதன் இரண்டு பக்கமும் 63 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து ஐந்து துளை. அந்த ஐந்தும் உள்ளே ஒரே உலோகக் கிளிப்பால் இணைந்திருக்கும். பள்ளத்தைத் தாண்டி இணைப்பு கிடையாது. ஐ.சி.யின் கால்கள் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் உட்காருவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஓரங்களில் சிவப்பு, நீலக் கோடு போட்ட நீள வரிசைகள் பற்றரிக்கு. பெரிய போர்டுகள் பலவற்றில் இந்த நீள வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் இணைப்பும் அங்கே இல்லை என்று அர்த்தம். இது தெரியாவிட்டால், போர்டின் ஒரு பாதிக்கு மட்டும் கரண்ட் போய், மற்றப் பாதியில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று மண்டையை உடைக்க வேண்டியதுதான்.

மீட்டரின் ஊசிகளை நேரே துளைக்குள் குத்தக்கூடாது. அவை தடிப்பு, கிளிப்பை விரித்துவிடும். இரண்டு துண்டுக் கம்பியைத் துளைகளில் செருகி, அந்தக் கம்பிகளைத்தான் தொட வேண்டும். மீட்டர் ஊசிகளை ஒன்றோடொன்று தொட்டால் 0.3 ஓம் காட்டியது. புதிய போர்டின் ஒரு வரிசையூடாகப் பார்த்தபோது 0.4 அளவில் நின்றது. லாச்சியில் கிடந்த என் பழைய போர்டில் அதே சோதனையைச் செய்தோம்: ஒரு வரிசை 6 ஓம், இன்னொன்று 15, கம்பியைக் கொஞ்சம் அசைத்தால் வேறொரு எண், சில துளைகளில் ஒன்றுமே இல்லை. பார்வைக்கு இரண்டு போர்டும் ஒன்றுதான்.

காரணம் கடல். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். இங்கே யன்னல் கொளுக்கியே வருடத்துக்கு வருடம் துருப்பிடித்து உதிர்கிறது. மெல்லிய கிளிப் எந்த மூலைக்கு? கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் காற்று காய்ந்திருக்கும், பழைய போர்ட்கூட ஓரளவு சொன்னபடி கேட்கும். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கி மழை பிடித்துவிட்டால் உப்பும் ஈரமும் சேர்ந்து இணைப்புகள் விட்டுவிட்டு வேலை செய்யும். பழைய போர்டின் அடியில் ஒட்டியிருந்த தாளை உரித்துப் பார்த்தோம். கிளிப்புகள் வரிசையாகத் தெரிந்தன, ஓரத்தில் இருந்தவற்றில் பச்சை பூத்திருந்தது. ஒன்றைக் குறட்டால் பிடித்து இழுத்தால் முழுதாகக் கழன்று வருகிறது: உடுப்புக் கிளிப் மாதிரி ஐந்து சோடி வாய், ஒவ்வொன்றும் கம்பியைக் கவ்வுகிற அளவுக்கு நெருங்கி நிற்கிறது. விரிந்துபோனவற்றை நெருக்கி, கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைத்துத் திரும்பச் செருகலாம். அவன் ஆசைக்குச் சில வரிசை செய்தான். முழுப் போர்டுக்கும் அதைச் செய்வது வீண் வேலை. ஒரு புதுப் போர்டின் விலை அவ்வளவு பெரிதில்லை. புதியதை இப்போது மூடி இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டிக்குள், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பைகளோடு போட்டு வைக்கிறோம்.

கம்பி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற, இரண்டு முனையிலும் ஊசி வைத்த கலர் கலரான கம்பிகளில் மலிவானவை ஊசிக்குப் பக்கத்தில் உள்ளே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. எனக்குப் பிடித்தது கேட் 5 கேபிள். இன்டர்நெட் வயர் இழுக்கிறவர்கள் வெட்டிப் போடுகிற துண்டு ஒன்று கிடைத்தால் போதும். உள்ளே எட்டுக் கம்பி, எட்டும் வேறு வேறு நிறம், ஒற்றைச் செப்பு இழை, அரை மில்லிமீட்டர் தடிப்பு. துளைக்குள் அளவாகப் போய் நிற்கும். பல இழை முறுக்கிய வயர் சரிவராது. நுனி பிரிந்து பக்கத்துத் துளைக்குப் போகும். வெட்டும்போது தேவையான நீளத்துக்கே வெட்டி, போர்டின்மேல் படுக்க வைத்து வளைத்தால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். முனையில் 6 அல்லது 7 மில்லிமீட்டர் தோல் உரித்தால் சரி. அதற்குக் குறைந்தால் பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டி இணைப்பு விழாது. கூடினால் வெளியே நிற்கும் செம்பு அடுத்த கம்பியில் முட்டும்.

மின்சாரம் எதிலிருந்து எடுப்பது என்பதில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. நான் நான்கு ஏ.ஏ. பற்றரி, 6 வோல்ட் என்றேன். அவன் கேட்டான்: "கரண்ட் இருந்தாத்தானே மாமா மோட்டர் ஓடும்? பிறகென்னத்துக்கு பற்றரி? பழைய போன் சார்ஜர் போதுமே." கேள்வி நியாயமானது. கரண்ட் இல்லாத நேரத்தில் தாங்கி நிரம்பப் போவதில்லை, ஊதவும் தேவையில்லை. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் சுற்றின் இரண்டு கம்பி தண்ணீருக்குள் போகிறது. அதே தண்ணீர்தான் குழாய்வழியே குளியலறைக்கு வருகிறது. மலிவான சார்ஜர்களில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், என்ன கப்பாசிட்டர் போட்டிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. சில சார்ஜரில் போனைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதே, அது இந்த வழியாக வருவதுதான். பவர் பேங்க் போடலாமா என்று அடுத்துக் கேட்டான். பவர் பேங்க் பல, எடுக்கிற கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் போன் கழற்றப்பட்டுவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். சும்மா காத்துக் கிடக்கிற சுற்றுக்கு அது ஆகாது. பற்றரியே என்று முடிவாயிற்று.

சரி, கட்டத் தொடங்கினோம். முழுச் சுற்றையும் ஒரேயடியாகச் செருகிவிட்டு சுவிச்சைப் போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒரு துண்டு, அது வேலை செய்கிறதா, அளவு, அப்புறம் அடுத்த துண்டு.

முதல் துண்டு வெறும் எல்.ஈ.டி. சிவப்பு எல்.ஈ.டி. கிட்டத்தட்ட 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 4 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 330 ஓம் போட்டால் 12 மில்லி அம்பியர் வரும், போதும். ரெசிஸ்டரின் நிறக்கோட்டைப் படிப்பதில் அவன் கெட்டிக்காரன், ஆனால் அது பாடப் புத்தகத்துப் படத்தில். நீல உடம்பில் ஐந்து கோடு போட்ட சிறிய ரெசிஸ்டரில் செம்மஞ்சள் எது, மண்ணிறம் எது, சிவப்பு எது என்று ரியூப் லைட் வெளிச்சத்தில் சொல்வது எனக்கும் முடியாது. மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுவதுதான் வழி. எல்.ஈ.டி.யின் நீளக் கால் பிளஸ் பக்கம். எரிந்தது. எரிகிறபோதே ரெசிஸ்டரின் இரண்டு பக்கமும் வோல்ட்டை அளந்து, 330-ஆல் வகுக்கச் சொன்னேன். அவன் வகுத்துப் பார்த்து, கணக்கில் வந்த எண்ணுக்கு வெகு கிட்ட மீட்டரும் நிற்பதைக் கண்டு சிரித்த சிரிப்புக்காகவே இதைச் செய்யலாம்.

இரண்டாவது துண்டு ட்ரான்சிஸ்டர்: பேஸ் என்கிற காலில் சிறு கரண்ட் கொடுத்தால், கலெக்டர், எமிட்டர் என்கிற மற்ற இரண்டு காலூடாகப் பெரிய கரண்ட் போகும். பி.சி. 547-ஐத் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே நோக்கப் பிடித்தால் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2 என் 3904 என்று ஒன்று வரும், உடம்பு அதே மாதிரி, கால் வரிசை நேரெதிர்: எமிட்டர், பேஸ், கலெக்டர். கடைக்காரர் "இல்லை, இது அதுக்குப் பதில்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்கலாம், திருப்பிச் செருக வேண்டும், அவ்வளவுதான். எழுத்து மங்கியிருந்தால் மீட்டரின் டயோட் நிலையில் பேஸைக் கண்டுபிடிக்கலாம்.

எமிட்டரை மைனஸுக்குக் கொடுத்து, எல்.ஈ.டி.யையும் 330 ஓமையும் கலெக்டர் பக்கம் மாற்றினோம். பேஸிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக ஒரு கம்பி, பிளஸிலிருந்து ஒரு கம்பி. இரண்டின் நுனியையும் ஒரே விரலால் தொட்டால் எல்.ஈ.டி. மங்கலாக எரியும், விரலை நனைத்தால் கூடும். தோலின் தடை சில நூறு கிலோ ஓம். அதனூடாகப் போகிற சில மைக்ரோ அம்பியரை ட்ரான்சிஸ்டர் இருநூறு மடங்கோ என்னவோ பெருக்குகிறது. இரண்டாவது ட்ரான்சிஸ்டரையும் சேர்த்து, முதலாவதன் எமிட்டரை இரண்டாவதன் பேஸுக்குக் கொடுத்தால் பெருக்கம் பெருக்கத்தால் பெருகும்: 200-ஐ 200-ஆல் பெருக்க 40,000. பெல் ஆய்வுகூடத்தில் சிட்னி டார்லிங்டன் கண்டுபிடித்து, 1953-இல் காப்புரிமை பெற்ற இணைப்பு இது. இப்போது விரல் இலேசாகப் பட்டாலே எல்.ஈ.டி. பளிச்சென்று எரிந்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுத் தொட வைத்தான்.

அப்புறம் விரலுக்குப் பதில் தண்ணீர். இரண்டு துருப்பிடிக்காத ஆணியை ஒரு கோப்பைக்குள் வைத்து மீட்டரால் அளந்தோம். கிணற்றுத் தண்ணீர் பத்து, இருபது கிலோ ஓம் என்று காட்டியது, ஆனால் எண் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. மீட்டர் கொடுக்கிற நேர் மின்னோட்டத்தால் ஆணி முனைகளில் வாயுவும் அயன்களும் சேர்வதுதான் காரணம்; மீட்டரில் பழுதில்லை. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்ததில் அளந்தால் தடை பல மடங்கு கூட. எங்கள் கிணறு கோடையில் உவர் தட்டும், அப்போது இன்னும் குறையும். ஆகவே எந்தத் தண்ணீருக்கும் வேலை செய்கிற மாதிரிக் கொஞ்சம் தாராளமாகக் கணக்குப் போட வேண்டும். ஆணியோடு தொடராக 100 கிலோ ஓம் போட்டோம். தண்ணீர் வழியே போவது 50 மைக்ரோ அம்பியருக்குள் அடங்கிவிடும். வெறும் செப்புக் கம்பியைத் தண்ணீருக்குள் விட வேண்டாம். பிளஸ் பக்கக் கம்பி கரைந்து பச்சையாகும், அந்தப் பச்சை குடிக்கிற தண்ணீருக்குள் போகும்.

இனி 555. ஹான்ஸ் கமென்சிண்ட் என்கிற பொறியியலாளர் 1971-இல் சிக்னெட்டிக்ஸ் கம்பனிக்காக வடிவமைத்து, 1972-இல் சந்தைக்கு வந்த ஐ.சி. இத்தனை வருடத்துக்குப் பிறகும் தேங்காய் மாதிரி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பஸ்ஸரை நேரே ட்ரான்சிஸ்டரில் கொளுவினாலே ஊதும், 555 தேவையே இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒரே இழுவையாக ஊதுகிற பஸ்ஸரை வீட்டில் யாரும் சகிக்க மாட்டார்கள், முதல் கிழமையே கழற்றி எறிந்துவிடுவார்கள். பீப், பீப் என்று விட்டுவிட்டு வந்தால் காதுக்கும் எட்டும், கோபமும் வராது.

புதிய ஐ.சி.யின் கால்கள் கொஞ்சம் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். மேசையில் பக்கவாட்டாக வைத்து இலேசாக அழுத்தி நேராக்கிக்கொண்டு, பள்ளத்தின் குறுக்கே வைத்து, எட்டுக் காலும் துளைக்கு நேரே நிற்கிறதா என்று பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் அமுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு கால் உள்ளே மடங்கிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் செருகியது போலவே இருக்கும். புள்ளி போட்ட மூலையில் 1-ஆம் கால், அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிராக எண்ணிக்கொண்டு போக வேண்டும். 1 மைனஸ், 8 பிளஸ், 3 வெளியீடு. 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ பரட் கப்பாசிட்டர். 8-க்கும் 7-க்கும் இடையில் 10 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் இடையில் 68 கிலோ ஓம். 5-ஆம் காலிலிருந்து மைனஸுக்கு 10 நானோ பரட். சூத்திரம் இப்படி: முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதன் இரு மடங்கைக் கூட்டி, கப்பாசிட்டரால் பெருக்கி, 1.44-ஐ அதால் வகுக்க வேண்டும். 146 கிலோ ஓமும் 10 மைக்ரோ பரட்டும் பெருக்கினால் 1.46; ஆக ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு பீப். கப்பாசிட்டரின் உண்மையான அளவு எழுதியிருப்பதைவிட இருபது வீதம் கூடிக் குறையலாம் என்பதால் செக்கனைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில், ஐ.சி.க்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட, 100 மைக்ரோ பரட் ஒன்றும் 100 நானோ பரட் ஒன்றும் வைத்தோம். என்.ஈ. 555 வெளியீட்டை மாற்றுகிற கணத்தில் பற்றரியிலிருந்து ஒரு குத்துக் கரண்ட் இழுக்கும். மெல்லிய கம்பியும் கிளிப்புமாக இருக்கிற பிரெட்போர்டில் அந்தக் குத்து மற்றப் பகுதிகளையும் குழப்பும்.

555 தனியே பீப் போட்டது. ட்ரான்சிஸ்டர் சோடி தனியே தண்ணீரைக் கண்டது. இரண்டையும் சேர்க்கிற இடத்தில்தான் சுவாரசியம். 555-இன் 4-ஆம் கால் ரீசெட். அதை மைனஸுக்கு இழுத்துப் பிடித்தால் ஐ.சி. சும்மா இருக்கும், பிளஸ் கொடுத்தால் ஓடும். அப்படியென்றால் ட்ரான்சிஸ்டரின் எமிட்டரை 4-க்குக் கொடுத்து, 4-இலிருந்து மைனஸுக்கு வழக்கமாகக் கை போகிற 10 கிலோ ஓமைப் போட்டால் முடிந்ததுதானே? போட்டோம். ஆணி காய்ந்தே இருக்கிறது, பஸ்ஸர் ஊதுகிறது. வேறொரு 555-ஐ மாற்றினால் ஊதவில்லை. திரும்ப முதலாவதைப் போட்டால் ஊதுகிறது. பையன் ஐ.சி. பழுது என்றான்.

4-ஆம் காலில் வோல்ட்டை அளந்தோம். பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் 0.7-க்குக் கிட்ட நின்றது. இந்தக் கால் சும்மா வாய் திறந்திருக்கிற கால் இல்லை. உள்ளிருந்து சிறிதளவு கரண்ட் இதன் வழியே வெளியே வரும். முழுதாகக் கீழே இழுத்தால் அரை மில்லி அம்பியருக்குக் கிட்ட. 10 கிலோ ஓம் வழியே அதை வடியவிட்டால் வோல்ட் மேலேயே தொங்கும். ரீசெட் மாறுகிற எல்லையும் 0.4-க்கும் 1 வோல்ட்டுக்கும் நடுவில், ஐ.சி.க்கு ஐ.சி. வேறுபடும். அதனால்தான் ஒன்று ஊதியது, ஒன்று ஊதவில்லை. இரண்டும் நல்ல ஐ.சி. 10 கிலோவைக் கழற்றி 470 ஓம் செருகினோம். 0.2 வோல்ட்டுக்கு இறங்கி, இரண்டும் அடங்கின. ஒரு ரெசிஸ்டரைப் பிடுங்கி இன்னொன்றைச் செருக எடுத்தது அரை நிமிடம். ஈயம் பற்ற வைத்த பலகையாக இருந்திருந்தால் உறிஞ்சியைத் தேடிக்கொண்டிருந்திருப்போம்.

வேலை செய்தது என்றாலும் எனக்குத் திருப்தி இல்லை. என்.ஈ. 555 சும்மா இருக்கும்போதும் 3 மில்லி அம்பியர் குடிக்கும். 2000 மில்லி அம்பியர் மணி உள்ள பற்றரி ஒரு மாதம்கூட வராது. சீமோஸ் வகை 555 வாங்கினால் இது பெருமளவு குறையும், ஆனால் கையில் இருந்தது பழைய வகை. ஆகவே வழியை மாற்றினோம்: 555-க்கு மைனஸ் போவதையே ட்ரான்சிஸ்டர் தீர்மானிக்கட்டும். தண்ணீர் தொடாத வரை ஐ.சி.க்கு உயிரே இல்லை, பற்றரியிலிருந்து போவதும் ஒன்றுமில்லை. 4-ஆம் காலை நேரே பிளஸில் கட்டிவிட்டோம்.

டார்லிங்டன் இணைப்பில் ஒரு குறை உண்டு. முழுதாகத் திறந்தாலும் 0.8 வோல்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பற்றரி பழசாகி 5 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் 555-க்குக் கிடைப்பது 4.2. அதற்குக் குறைந்தது 4.5 தேவை. முதல் ட்ரான்சிஸ்டரின் கலெக்டரை இரண்டாவதோடு சேர்க்காமல், 1 கிலோ ஓம் வழியாக நேரே பிளஸுக்குக் கொடுத்தால் இரண்டாவது முழுதாகத் திறந்து 0.2 வோல்ட்டுக்குள் இறங்கிவிடுகிறது. அளந்தபோது அதைவிடக் குறைவாகவே இருந்தது.

இப்போது சுற்றில் இரண்டு மைனஸ்: பற்றரியின் மைனஸ் ஒன்று, ட்ரான்சிஸ்டர் திறந்தால் மட்டும் உயிர் பெறுகிற மைனஸ் ஒன்று. போர்டின் ஒரு ஓர நீலக் கோட்டைப் பற்றரிக்கும், மற்ற ஓர நீலக் கோட்டை 555-க்கும் ஒதுக்கினோம். பஸ்ஸரின் கறுப்புக் கம்பியைப் பழக்கதோஷத்தில் பற்றரி மைனஸில் செருகினால் என்ன ஆகும் என்று அவனே செய்து காட்டினான். தண்ணீர் இல்லாமலே, விட்டுவிட்டும் இல்லாமல், ஒரே முனகல். மைனஸ் கிடைக்காத ஐ.சி. தன் 3-ஆம் கால் வழியாகப் பஸ்ஸருக்குள் புகுந்து வெளியே போக வழி கண்டுவிட்டது. இதைச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கேட்க வைப்பது சுலபம்.

மேசையில் கோப்பைத் தண்ணீரோடு எல்லாம் சரி. மேலே தாங்கி வரை வயர் இழுத்ததும் வேறு கூத்து. ஆணிகள் காய்ந்திருக்க, எல்.ஈ.டி. மினுங்கியது. நீளமான வயர் வீட்டு வயரிங்குக்குப் பக்கத்திலேயே போகிறது, 50 ஹேர்ட்ஸ் இரைச்சலைப் பிடித்து வந்து பேஸுக்குக் கொடுக்கிறது. 40,000 மடங்கு பெருக்குகிறவனுக்கு அது போதும். பேஸிலிருந்து மைனஸுக்கு 470 கிலோ ஓம் ஒன்றும் 100 நானோ பரட் ஒன்றும் போட்டதும் அமைதி. மழை நாட்களில் போர்டின் மேலேயே ஈரம் படிந்து வரிசைக்கு வரிசை கசிகிற பிரச்சினைக்கும் அதே 470 கிலோ ஓம் கைகொடுத்தது.

தாங்கிக்குள்ளும் ஒரு வேலை இருந்தது. இரண்டு ஆணியையும் ஒரே பிவிசி துண்டில் பொருத்தித் தொங்கவிட்டிருந்தோம். தண்ணீர் இறங்கிய பிறகும் பஸ்ஸர் நிற்கவில்லை. மூடிக்கு அடியில் வேர்த்து, பிவிசி துண்டின்மேல் ஈரப் படலம் ஒன்று இரண்டு ஆணியையும் சேர்த்துக்கொண்டே இருந்தது. தனித்தனிக் குழாயில், ஒரு சாண் இடைவெளியில், வழிகிற குழாய்க்குக் கொஞ்சம் கீழே முனை நிற்கத் தொங்கவிட்ட பிறகு சரியாயிற்று.

பிரெட்போர்டை அப்படியே குசினிச் சுவரில் மாட்டிவிடலாம் என்று பையன் சொன்னான். உப்புக் காற்றில் மாரி முடிவதற்குள் இணைப்பு விட்டுப்போகும். அதே ஒழுங்கில் எல்லாவற்றையும் வெரோபோர்டுக்கு, அதாவது செப்புப் பட்டைகள் ஓடுகிற, ஈயம் பற்றவைக்கும் துளைப் பலகைக்கு மாற்றினோம். அதிலும் துளைகள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளிதான். பிரெட்போர்டில் ஒரு வரிசை இங்கே ஒரு செப்புப் பட்டை. ஐ.சி.யின் அடியில் மட்டும் பட்டைகளை வெட்ட வேண்டும். 4 மில்லிமீட்டர் டிரில் அலகைக் கையால் பிடித்துத் துளையில் வைத்துத் திருகினால் செம்பு வழித்துக்கொண்டு வரும். வெட்டிய இடங்களையெல்லாம் மீட்டரால் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு செப்பு மயிர் மிஞ்சினாலும் சுற்று குழம்பும். 555-க்கு, ஐ.சி.யைச் செருகும் சாக்கெட் வைத்துப் பற்றவைத்தோம். முடிந்ததும் ஈயப் பக்கம் முழுக்க வார்னிஷ் பூசினேன், சாக்கெட்டின் வாயை விட்டுவிட்டு. மோட்டர் சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கிறது. 230 வோல்ட் எதையும் அது தொடவில்லை. ஊதினால் யாராவது எழும்பிப் போய் மோட்டரை நிறுத்த வேண்டும். ரிலே வைத்துத் தானாக நிறுத்தச் செய்யலாம்தான், ஆனால் அந்தப் பக்கத்தைப் பிரெட்போர்டில் ஒருபோதும் செய்து பார்க்கக்கூடாது. கிளிப்பின் இடைவெளியும் தாங்கும் கரண்ட்டும் அதற்கானவை அல்ல.

போர்ட் இப்போது காலி. பக்கத்து வீட்டு அக்கா, தாங்கி வற்றப்போகும்போது ஊதுகிற ஒன்று கேட்கிறார். ட்ரான்சிஸ்டரைத் தலைகீழாக்குவது இலேசு: பேஸைப் பிளஸுக்கு இழுத்து வைத்து, தண்ணீர் இருக்கும்வரை மைனஸுக்கு வடியவிட்டால் போதும். சிக்கல் ஆணியில். நிரம்பும்போது மட்டும் நனைகிற ஆணி வேறு, இராப்பகலாகத் தண்ணீருக்குள் கரண்ட்டோடு கிடக்கிற ஆணி வேறு. மைக்ரோ அம்பியர் என்றாலும் மாதக்கணக்கில் அரிக்கும். இதற்கு மிதவைக்குள் காந்தம் வைத்து, குழாய்க்குள் காந்தம் கிட்ட வந்தால் இணைகிற ரீட் சுவிச் வைப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். பையன் 555-ஐ வைத்தே ஆணிக்கு மாறி மாறிக் கரண்ட் கொடுக்கலாம் என்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செருகிப் பார்க்க 63 வரிசையில் இடம் இருக்கிறது. ரீட் சுவிச் கொழும்பிலிருந்து வர வேண்டும்.